குற்றம் சாட்டுபவர் பாடம் நடத்தினால்

நியூயார்க் துறைமுகத்தை ஒட்டி, புரூக்ளின் பகுதியின் ஓரத்தில் ரெட் ஹூக் என்றொரு பேட்டை இருக்கிறது. 1992 டிசம்பர் 17ஆம் தேதி அங்குள்ள 15ஆம் எண் அரசுத் தொடக்கப் பள்ளியிலிருந்து ஒன்பது வயதுச் சிறுவன் ஒருவன் சண்டை போட்டுவிட்டு அழுதபடி வெளியே போய்விட்டான். தலைமையாசிரியர் பாட்ரிக் டேலி அவனைத் தேடிக்கொண்டு அரசுக் குடியிருப்புகளுக்கு நடுவே நடந்தார். எதிரும் புதிருமாக நின்று சுட்டுக்கொண்ட இளைஞர்களின் குறுக்கே அகப்பட்டு, மார்பில் குண்டு பாய்ந்து இறந்தார். சுட்டவர்கள் பதின்வயதுக்காரர்கள் மூவர். கொன்றது ஒரே குண்டு. அது யாருடைய துப்பாக்கியிலிருந்து வந்தது என்று நிபுணர்களால் சொல்ல முடியவில்லை. ஆனாலும் மூவர்மீதும் கொலைக்குற்றம் சாட்டப்பட்டது, மூவரும் தண்டிக்கப்பட்டார்கள். சண்டையே மூவரும் சேர்ந்து மூட்டியது என்ற வாதத்தை மாநிலத்தின் மேல்முறையீட்டு நீதிமன்றமும் 1998இல் ஏற்றுக்கொண்டது.

மூவர்மீதும் கொலைக்குற்றம்தான் என்று முடிவெடுத்தது புரூக்ளின் டிஸ்ட்ரிக்ட் அட்டர்னி அலுவலகம். அதே அலுவலகம் அந்தக் காலத்தில் தன் வழக்கறிஞர்களை ஐந்தாம் வகுப்புப் பிள்ளைகளுக்குச் சட்டப் பாடம் சொல்லிக்கொடுக்கவும் அனுப்பிக்கொண்டிருந்தது. டேலி இறந்த பிறகு, நீதிமன்ற நிர்வாகத்தோடும் ஒரு தொண்டு அமைப்போடும் சேர்ந்து, ரெட் ஹூக்கிலேயே மக்களுக்கு அருகில் ஒரு நீதிமன்றம் வேண்டும் என்று திட்டமிட்டது. 2000இல் அது திறக்கப்பட்டபோது அதற்குக் கிடைத்த இடம், மூடிக் கிடந்த ஒரு கத்தோலிக்கப் பள்ளிக் கட்டடம். பள்ளிக்கூடம் நீதிமன்றமாயிற்று, குற்றம் சாட்டுபவர் வாத்தியார் ஆனார். அமெரிக்காவில் கடந்த சில பத்தாண்டுகளாகப் பரவியிருக்கும் இந்த வழக்கம் பிள்ளைகளுக்கு உண்மையில் எதைக் கற்றுக்கொடுக்கிறது?

இந்த டிஸ்ட்ரிக்ட் அட்டர்னி யார் என்று முதலில் தெளிவாக்கிக்கொள்ள வேண்டும். நம் ஊரில் குற்றப்பத்திரிகை தாக்கல் செய்வது காவல்துறை. அரசு வழக்கறிஞர் அரசால் நியமிக்கப்பட்டு அந்த வழக்கை நடத்துகிறவர். அமெரிக்காவில் அப்படி இல்லை. காவல்துறை பிடித்துக்கொண்டு வந்தாலும் வழக்குப் போடலாமா, போட்டால் எந்தப் பிரிவில், குறைத்துக்கொள்ளலாமா, விட்டுவிடலாமா என்பதையெல்லாம் முடிவு செய்வது டி.ஏ. என்று சுருக்கமாக அழைக்கப்படும் இவர்தான். மிகப் பெரும்பாலான மாநிலங்களில் இவர் ஓட்டு வாங்கிப் பதவிக்கு வருகிறார். 1832இல் மிசிசிப்பி மாநிலம் தொடங்கி வைத்த ஏற்பாடு அது. நாடு முழுவதும் இத்தகைய 2,300க்கும் மேற்பட்ட அலுவலகங்கள் இருக்கின்றன. உலகின் வேறு நாடுகளில் குற்றம் சாட்டும் அதிகாரி சுவரொட்டியில் சிரித்துக்கொண்டு வாக்குக் கேட்பதை அநேகமாகப் பார்க்க முடியாது. பள்ளிக்கூடத்துக்கு அவர் போவதற்கு இந்தத் தேர்தலும் ஒரு காரணம் என்பதை மறைக்கத் தேவையில்லை. பிள்ளைகளுக்கு வாக்கில்லை என்றாலும் பெற்றோருக்கு இருக்கிறது.

ஆனால் தேர்தலை மட்டும் சொல்லி நகர்ந்துவிட்டால் அது அரைகுறை விளக்கமாகிவிடும். 1980களின் இறுதியில் கிராக் என்ற போதைப்பொருளும் கைத்துப்பாக்கியும் அமெரிக்க நகரங்களின் ஏழைப் பேட்டைகளைச் சூறையாடின. சிறைகள் நிரம்பின. எத்தனை பேரை உள்ளே தள்ளினாலும் தெருமுனை மாறவில்லை என்று வழக்கறிஞர்களில் சிலரே சொல்லத் தொடங்கினார்கள். ஓரகன் மாநிலத்தின் போர்ட்லாந்தில் டி.ஏ.வாக இருந்த மைக்கேல் ஷ்ரங்க், 1990இல் ஒரு வழக்கறிஞரை நீதிமன்றத்திலிருந்து எடுத்து லாயிட் என்ற வணிகப் பகுதிக்கே அனுப்பினார். அங்கே உட்கார்ந்து, மக்கள் என்ன சொல்கிறார்கள் என்று கேள் என்பதுதான் உத்தரவு. கடும் குற்றங்களைப் பற்றித்தான் பேசப்போகிறார்கள் என்று எதிர்பார்த்துப் போனவருக்குக் கிடைத்ததெல்லாம் கார்க் கண்ணாடி உடைப்பு, பொது இடத்தில் குடி, பள்ளத்தாக்கில் கூடாரம் போட்டுத் தங்குபவர்கள் என்ற சில்லறைப் புகார்கள்தான். சட்டப் புத்தகத்தின் கடைசிப் பக்கங்களில் கிடக்கும் விஷயங்களே ஒரு தெருவின் நிம்மதியைத் தீர்மானிக்கின்றன என்று அவர் கண்டுகொண்டார். இதிலிருந்து பிறந்ததுதான் சமூக வழக்குத்தொடுப்பு என்ற இயக்கம். 1996இல் வாஷிங்டனில், பின்னாளில் நாட்டின் அட்டர்னி ஜெனரலான எரிக் ஹோல்டர், நகரின் ஒரு காவல் மாவட்டம் முழுவதற்கும் இதே பாணியைக் கொண்டுவந்தார்.

போர்ட்லாந்துக் கதையில் ஒரு நெருடல் உண்டு. அந்த முதல் வழக்கறிஞருக்கான செலவை ஏற்றது அப்பகுதியின் வணிகர்கள். காசு கொடுத்தவரின் புகார் முதலில் காதில் விழும். கூடாரத்தில் தூங்கியவரின் புகாரைக் கேட்க ஓர் ஆள் அனுப்பப்படவில்லை. மக்களிடம் போவது என்று சொல்லும்போது எந்த மக்களிடம் என்ற கேள்வி முதல் நாளிலேயே முளைத்துவிட்டது.

பள்ளிக்கூடத்துக்கு வருவோம். லாஸ் ஏஞ்சலிஸ் கவுண்டியின் டி.ஏ. அலுவலகம் 1993இல் லீட் என்ற திட்டத்தைத் தொடங்கியது. வழக்கறிஞர்களும் அலுவலக ஊழியர்களும் தாங்களாக முன்வந்து, வாரம் ஒரு மணி நேரம் என்று இருபது வாரங்கள் ஐந்தாம் வகுப்பில் பாடம் நடத்துவார்கள். ஐந்தாம் வகுப்பைத் தேர்ந்தெடுத்ததற்குக் காரணம் இருக்கிறது. பத்து, பதினோரு வயதுப் பிள்ளை இன்னும் பெரியவர்கள் சொல்வதைக் கேட்கிறது. அடுத்த ஆண்டு நடுநிலைப் பள்ளிக்குப் போனபின் கேட்பது சந்தேகம். புரூக்ளினில் 1990இல் பதவியேற்ற சார்லஸ் ஹைன்ஸ் நடத்திய திட்டமும் ஐந்தாம் வகுப்பையே குறிவைத்தது. போதைப்பொருள், ஆயுதம், கும்பல், இனவெறுப்பு, கடையில் திருடுவது, கூட்டாளிகள் வற்புறுத்தும்போது மறுப்பது என்று பாடத் தலைப்புகள் எல்லா ஊரிலும் ஏறத்தாழ ஒன்றுதான். நிறைவாகப் பிள்ளைகளே நீதிபதி, ஜூரி, இரு தரப்பு வழக்கறிஞர் வேடம் போட்டு மாதிரி விசாரணை நடத்துவார்கள். சில ஊர்களில் உண்மையான நீதிமன்றத்திலேயே நடத்தச் சொல்வார்கள்.

இதைக் கேலி செய்ய எனக்கு மனம் வரவில்லை. நாள் முழுக்கக் கொலை வழக்குக் கட்டுகளைப் புரட்டும் ஒருவர், தன் ஒரு மணி நேரத்தைக் கொடுத்து வகுப்பறைத் தரையில் உட்கார்ந்து பிள்ளைகளோடு பேசுவது நல்ல காரியம். அதுவரை கோட்டுப் போட்ட அதிகாரி ஒருவரை அண்ணன் கைதான அன்று மட்டுமே பார்த்த பிள்ளைக்கு, அவருக்கும் ஒரு பெயர் உண்டு, அவரும் பாஸ்கெட்பால் பார்ப்பார் என்று தெரிவது சிறிய விஷயமல்ல. எனக்குள்ள சந்தேகம் பாடத்தின் மையச் சொல்லைப் பற்றியது. அந்தச் சொல் ‘தேர்வு’. நல்ல தேர்வு செய், தவறான தேர்வுக்குப் பலனை அனுபவிப்பாய் என்பதுதான் இத்தகைய பாடங்களின் அடிநாதம். பத்து வயதுப் பிள்ளையின் தேர்வுகளை இருபது வாரம் அலசும் அந்த வகுப்பில், பாடம் நடத்துபவரின் தேர்வுகளுக்கு எவ்வளவு இடம்? ஒரு சிறுவனைச் சிறார் நீதிமன்றத்துக்கு அனுப்புவதா, பெரியவனாகக் கருதிக் கூண்டில் ஏற்றுவதா என்பதும் ஒரு தேர்வுதான். நியூயார்க்கிலோ சட்டமே அதைத் தேர்ந்துவிட்டிருந்தது: 2017இல் அது மாறி, 2018, 2019 ஆண்டுகளில் நடைமுறைக்கு வரும்வரை, 16 வயதானாலே பெரியவர் நீதிமன்றம்தான். புரூக்ளினில் ஐந்தாம் வகுப்பு முடித்த பிள்ளைக்கு அந்த வயதை எட்ட ஐந்தே ஆண்டுகள் இருந்தன.

மாதிரி விசாரணையையே எடுத்துக்கொள்வோம். சாட்சி வருகிறார், குறுக்கு விசாரணை நடக்கிறது, பன்னிரண்டு பேர் கூடிப் பேசித் தீர்ப்புச் சொல்கிறார்கள். பிள்ளைகளுக்குப் பிடித்த பகுதி இதுதான். ஆனால் நடப்பு வேறு. அமெரிக்க மாநில நீதிமன்றங்களில் பெருங்குற்றத் தண்டனைகளில் நூற்றுக்குத் தொண்ணூற்றைந்து வரை விசாரணை இல்லாமலே முடிகின்றன. குற்றத்தை ஒப்புக்கொண்டால் இத்தனை ஆண்டு, வழக்காடித் தோற்றால் அதைவிடப் பல ஆண்டு என்று டி.ஏ. அலுவலகம் விலை சொல்கிறது. குற்றம் சாட்டப்பட்டவர் தலையாட்டுகிறார். ஜூரி பெஞ்சுகள் காலியாகவே இருக்கின்றன. வகுப்பறையில் அரங்கேறுவது அரிதாக நடக்கும் திருவிழா. தாழ்வாரத்தில் பத்து நிமிடத்தில் முடியும் அன்றாடப் பேரத்தை எந்தப் பாடத்திட்டமும் நாடகமாக்குவதில்லை. ஒரு பிள்ளை டி.ஏ. வேடம் போட்டு, “மூன்று வருஷத்துக்கு ஒத்துக்கிறியா, இல்லை பதினஞ்சு வருஷத்துக்கு வழக்காடுறியா?” என்று தன் வகுப்புத் தோழனிடம் கேட்டால் அந்த வகுப்பு எவ்வளவு அமைதியாகிவிடும் என்று நினைத்துப் பார்க்கிறேன்.

இன்னொரு விடுபடல் இதைவிட முக்கியமானது. 1985இல் புரூக்ளினில் ஒரு கொலைக்காக 16 வயதுச் சிறுவர்கள் இருவர் கைது செய்யப்பட்டார்கள். இருவரும் காவல் நிலையத்தில் குற்றத்தை ஒப்புக்கொண்டதாக வாக்குமூலம் வந்தது. வேறு உருப்படியான சான்று எதுவும் இல்லை. தண்டனை கிடைத்தது ஹைன்ஸ் வருவதற்கு முன்பு. ஆனால் அவருடைய 24 ஆண்டுக் காலம் முழுவதும் அது திருத்தப்படாமலே நின்றது. ஒருவர் 2001இல் சிறையிலேயே இறந்துபோனார். மற்றவர் 29 ஆண்டுகள் கழித்து, 2014 அக்டோபரில் வெளியே வந்தார். வாக்குமூலங்கள் பொய் என்று நீதிமன்றத்தில் சொன்னது ஹைன்ஸைத் தேர்தலில் தோற்கடித்து வந்த புதிய டி.ஏ. கென் தாம்சன். பதவியில் இருக்கும் புரூக்ளின் டி.ஏ. ஒருவர் தேர்தலில் தோற்றது 1911க்குப் பிறகு அதுவே முதல்முறை. அதற்கு ஒரு காரணம் இப்படிப்பட்ட வழக்குகள்தான். அந்த அலுவலகமே 2020இல் தன் பழைய தவறுகளை ஆராய்ந்து ஓர் அறிக்கை வெளியிட்டது. அதில் 25 தவறான தண்டனைகள். அநியாயமாகச் சிறையில் கழிந்த காலத்தைக் கூட்டினால் 426 ஆண்டுகள். அறிக்கையின் தலைப்பிலேயே அந்த எண் இருக்கிறது.

அந்த இரண்டு சிறுவர்களுக்குத் தெரிந்திருக்க வேண்டிய சட்டப் பாடம் ஒன்றுதான்: காவலர் கேட்கும்போது வாயைத் திறக்காதே, வழக்கறிஞர் வேண்டும் என்று சொல். 1966இல் மிராண்டா வழக்கில் உச்ச நீதிமன்றம் இந்த உரிமையை உறுதிசெய்தது. 1967இல் கால்ட் வழக்கில் சிறார்களுக்கும் வழக்கறிஞர் உண்டு, மௌனம் காக்கும் உரிமை உண்டு என்றது. 2011இல், வட கரோலினாவில் 13 வயது மாணவனைப் பள்ளிக்கூட அறையிலேயே வைத்துக் காவலர் விசாரித்த வழக்கில், அவன் தன்னைக் கைதியாக உணர்ந்திருப்பானா என்று பார்க்கும்போது வயதையும் கணக்கில் எடுக்க வேண்டும் என்று தீர்ப்பு வந்தது. கலிஃபோர்னியாவில் இன்று 17 வயதுவரை உள்ளவர்களை, வழக்கறிஞரிடம் கலந்து பேச வைக்காமல் காவலில் விசாரிக்கவே முடியாது. இவ்வளவு தூரம் சட்டம் நகர்ந்திருக்கிறது. ஆனால் வாக்குமூலங்களைக் கொண்டு வழக்கை வெல்லும் அலுவலகத்தின் பிரதிநிதி, வாக்குமூலம் கொடுக்காதே என்று பிள்ளைகளுக்கு எப்படி மனம்விட்டுச் சொல்லிக்கொடுப்பார்? சொல்லக் கூடாதென்று யாரும் தடுப்பதில்லை. இருந்தாலும் அந்தப் பாடத்தை நடத்த இன்னொருவர் இருப்பது நல்லது. ஜார்ஜ்டவுன் பல்கலைக்கழகச் சட்ட மாணவர்கள் 1972இல் வாஷிங்டன் பள்ளிகளில் தொடங்கிய தெருச் சட்டம் என்ற பாடமுறை இந்தத் தேவைக்குப் பொருந்தும். அது எந்தத் தரப்பின் அலுவலகத்திலிருந்தும் வரவில்லை.

அறிவுரையால் பிள்ளைகள் மாறுகிறார்களா? இந்தக் கேள்விக்கான விடை உற்சாகம் தருவதாக இல்லை. நியூஜெர்சியின் ராவே சிறையில் ஆயுள் கைதிகள் பிள்ளைகளை உள்ளே வரவழைத்து, கத்தி மிரட்டி, சிறை எப்படிப்பட்டது என்று காட்டினார்கள். 1978இல் அதைப் பற்றி வந்த ஆவணப்படத்துக்கு ஆஸ்கார் கிடைத்தது. நாடெங்கும் அதைப் பார்த்துப் பின்பற்றினார்கள். ஜேம்ஸ் ஃபின்கெனார் என்ற ஆய்வாளர் மட்டும் போய் எண்ணிப் பார்த்தார். மிரட்டப்பட்ட பிள்ளைகளில் 41 சதவீதத்தினர் மறுபடி குற்ற வழக்கில் சிக்கியிருந்தார்கள். அந்தச் சிறைக்கே போகாத, அதே மாதிரியான பிள்ளைகளில் 11 சதவீதத்தினர். பிறகு ஒன்பது சோதனைகளை ஒன்றுசேர்த்து 2013இல் வெளியான மறு ஆய்வும் அதையே சொன்னது: ஒன்றும் செய்யாமல் விட்டிருந்தாலே பிள்ளைகளுக்கு நல்லதாக இருந்திருக்கும். காவல்துறையினர் பள்ளிகளுக்குப் போய்ப் போதைப்பொருளுக்கு எதிராகப் பாடம் நடத்தும் டேர் திட்டம் 1983இல் லாஸ் ஏஞ்சலிஸில் பிறந்து நாடு முழுக்கப் பரவியது. அதைக் குறித்த ஆய்வுகள் அடுத்தடுத்து வந்தன, போதைப் பழக்கத்தில் சொல்லிக்கொள்ளும்படியான மாற்றம் எதுவும் இல்லை என்று. திட்டம் நிற்கவில்லை. அதன் டீ-சட்டை அழகாக இருந்தது, ஆசிரியர்களுக்குப் பிடித்திருந்தது, காவல்துறைக்கும் பிடித்திருந்தது.

டி.ஏ. அலுவலகங்களின் பள்ளித் திட்டங்கள் இந்த அளவுக்குக்கூடச் சோதிக்கப்படவில்லை. எத்தனை பள்ளிகள், எத்தனை மாணவர்கள் என்று ஆண்டறிக்கையில் போடுவார்கள். பந்தியில் எத்தனை இலை விழுந்தது என்ற கணக்கு அது; சாப்பிட்டவருக்குப் பசி அடங்கியதா என்பது வேறு கணக்கு.

பென்சில்வேனியாவின் லுசர்ன் கவுண்டியில் நடந்ததை இங்கே சொல்லியாக வேண்டும். மார்க் சியாவரெல்லா அங்கே சிறார் நீதிபதி. பள்ளிகளுக்குப் போய்ப் பேசுவது அவர் வழக்கம்: தப்புச் செய்துவிட்டு என் முன்னால் வந்தால் உள்ளே அனுப்பிவிடுவேன் என்பார். சொன்னபடி செய்தார். துணைத் தலைமையாசிரியரைக் கிண்டல் செய்து இணையத்தில் பக்கம் போட்ட பெண்ணும் அவரிடம் தப்பவில்லை. பலர் வழக்கறிஞர் இல்லாமலே அவர் முன் நின்றார்கள். சில நிமிடங்களில் விசாரணை முடிந்து, கையில் விலங்கு. 2009இல்தான் பின்னணி வெளியே வந்தது. பிள்ளைகளை அடைத்துவைக்கும் தனியார் விடுதிகளோடு தொடர்புடையவர்களிடமிருந்து அவரும் இன்னொரு நீதிபதியும் லட்சக்கணக்கான டாலர் வாங்கியிருந்தார்கள். மாநில உச்ச நீதிமன்றம் ஆயிரக்கணக்கான சிறார் தீர்ப்புகளை அழித்தது. சியாவரெல்லாவுக்கு 2011இல் 28 ஆண்டுச் சிறை. அவர் நீதிபதி, டி.ஏ. அல்லர். ஆனால் அந்த நீதிமன்ற அறையில் ஒவ்வொரு நாளும் ஒரு டி.ஏ. அலுவலக வழக்கறிஞரும் நின்றுகொண்டிருந்தார். வழக்கறிஞர் இல்லாமல் பிள்ளை நிற்கிறதே என்று அவர் ஒரு வார்த்தை சொல்லவில்லை என்பதை, 2010இல் வந்த விசாரணைக் குழு அறிக்கை கடுமையாகக் கண்டித்தது. அந்தப் பள்ளிப் பிள்ளைகள் சட்டத்தைப் பற்றி எதைக் கற்றிருப்பார்கள்? மேடையில் கேட்ட பேச்சையா, நீதிமன்றத்தில் பார்த்த மௌனத்தையா?

இந்த இடத்தில் டாம் டைலர் என்ற உளவியலாளரின் ஆய்வு கைகொடுக்கிறது. சிகாகோ மக்களிடம் அவர் விரிவாகக் கேட்டு, 1990இல் வெளியிட்ட நூலில் சொன்னது இதுதான்: மனிதர்கள் சட்டத்துக்குக் கட்டுப்படுவது பெரும்பாலும் தண்டனைக்குப் பயந்து அல்ல. சட்டத்தை நடத்துகிறவர்கள் தங்களிடம் நியாயமாக நடந்துகொண்டார்கள், தாங்கள் சொல்வதைக் காதுகொடுத்துக் கேட்டார்கள் என்ற உணர்வு இருந்தால், பாதகமான தீர்ப்பைக்கூட ஏற்றுக்கொள்கிறார்கள். பிறகு அவரும் ஜெஃப்ரி ஃபேகனும் நியூயார்க்கில் ஒரு வசதியான பேட்டையிலும் ஒரு ஏழைப் பேட்டையிலும் பத்து முதல் பதினாறு வயதுப் பிள்ளைகளிடம் கேட்டார்கள். காவலர்களோடும் கடைக் காவலாளிகளோடும் பள்ளி ஊழியர்களோடும் ஏற்பட்ட அனுபவங்களிலிருந்தே சட்டத்தைப் பற்றிய பிள்ளைகளின் எண்ணம் உருவாகிறது என்று தெரிந்தது. அப்படியானால் சட்ட வகுப்பு நாள் முழுக்க நடக்கிறது. வாரம் ஒரு மணி நேரம் நடப்பது அதன் ஒரு துளிதான்.

ரெட் ஹூக் நீதிமன்றம் ஓரளவு வெற்றி பெற்றதற்கும் இதுவே காரணமாகத் தோன்றுகிறது. ஒரே நீதிபதி, அலெக்ஸ் கலப்ரிஸ், ஆண்டுக்கணக்கில் அங்கேயே இருந்து, வந்தவர்களைப் பெயர் சொல்லி அழைத்து, வீட்டு நிலைமை கேட்டு வழக்கை முடித்தார். போதை மறுவாழ்வு, வீட்டு வாடகைச் சிக்கல், வேலைப் பயிற்சி எல்லாம் அதே கட்டடத்தில். டி.ஏ. தரப்பு பல சிறு வழக்குகளில் சிறையைக் கேட்காமல் இருக்கச் சம்மதித்தது. மாநில நீதிமன்றங்களின் தேசிய மையம் 2013இல் வெளியிட்ட ஆய்வுப்படி, அங்கே வழக்கு முடிந்த பெரியவர்கள் மறுபடி குற்றம் செய்வது, மற்ற நீதிமன்றங்களுக்குப் போனவர்களைவிட 10 சதவீதம் குறைவு. சிறார்களில் 20 சதவீதம் குறைவு. தண்டனைக்கான பயம் கூடியதால் நடந்ததல்ல, நியாயமாக நடத்தப்பட்டோம் என்ற உணர்வால் நடந்திருக்கலாம் என்பது ஆய்வாளர்களின் முடிவு.

நீதிமன்றம் திறப்பதற்கு இரண்டு ஆண்டுகள் முன்பே அங்கே இளையோர் நீதிமன்றம் தொடங்கிவிட்டது. பதின்வயதினர் பல வாரப் பயிற்சி பெற்று, தங்கள் வயதுக்காரர் செய்த உண்மையான சிறு தவறுகளை விசாரிப்பார்கள். இதில் வேடம் ஏதும் இல்லை. அவர்கள் சொல்லும் பரிகாரத்தை, அது மன்னிப்புக் கடிதமாகவோ சமூகப் பணியாகவோ இருக்கும், அந்தப் பிள்ளை செய்தாக வேண்டும். நாட்டின் நான்கு மாநிலங்களில் இத்தகைய நீதிமன்றங்களை ஒப்பிட்டு 2002இல் வந்த ஓர் ஆய்வு சுவையான முடிவைத் தந்தது. அலாஸ்காவில் இளையோர் நீதிமன்றத்துக்குப் போனவர்களில் ஆறு மாதத்துக்குள் மறுபடி சிக்கியவர்கள் 6 சதவீதம், வழக்கமான சிறார் முறைக்குப் போனவர்களில் 23 சதவீதம். மேரிலாந்திலோ தலைகீழ்: 8க்கு 4. ஆனால் மேரிலாந்தில் ஒப்பிடப்பட்ட குழுவைக் கையாண்ட காவல்துறையே, நீதிமன்றத்துக்கு அனுப்பாமல் இதே மாதிரிப் பரிகாரங்களை அக்கறையோடு செய்துவந்தது. பிள்ளைகளிடம் முடிவெடுக்கும் பொறுப்பு அதிகமாக இருந்த இடங்களில் பலன் நன்றாக இருந்தது என்பதும் ஆய்வாளர்கள் கவனித்த ஒன்று.

எச்சரிக்கை என்பது எப்போதுமே வீண் என்று முடிவு கட்டவும் முடியாது. பாஸ்டனில் 1996இல் அரசு வழக்கறிஞர்களும் காவலர்களும் பாதிரியார்களும் தெரு ஊழியர்களும் ஒரே மேசையில் உட்கார்ந்து, கும்பல் இளைஞர்களை அழைத்துப் பேசினார்கள். சுடுவது நிற்க வேண்டும், நின்றால் படிப்பு, வேலை எதற்கும் உதவுகிறோம், நிற்காவிட்டால் கும்பல் முழுவதன்மீதும் விழுவோம் என்பதே செய்தி. ஒரே ஒரு தோட்டாவோடு பிடிபட்ட ஒருவருக்கு ஏறத்தாழ இருபது ஆண்டு கிடைத்ததைத் துண்டறிக்கையாக அடித்துக் கொடுத்தார்கள். இளையோர் கொலைகளின் மாதச் சராசரி 63 சதவீதம் குறைந்தது. அதே காலத்தில் மற்ற நகரங்களிலும் கொலைகள் குறைந்தனவே என்று கேட்பவர்கள் உண்டு. என்றாலும், இது ஊரில் உள்ள பிள்ளைகள் எல்லோரையும் வருங்காலக் குற்றவாளிகளாகப் பார்த்த மிரட்டல் அல்ல. யார் என்று தெரிந்த சிலரிடம், உதவிக் கையையும் நீட்டிக்கொண்டு பேசிய பேச்சு.

இந்த வேறுபாட்டைத் தவறவிட்டால் என்ன ஆகும் என்பதற்கு, தமிழ் வாசகர்கள் நன்கறிந்த ஒருவரின் கதை உண்டு. துளசேந்திரபுரம் கோபாலனின் பேத்தி கமலா ஹாரிஸ், 2004 முதல் 2011 வரை சான் பிரான்சிஸ்கோவின் டி.ஏ.வாக இருந்தார். நகரில் கொலையுண்ட, 25 வயதுக்கு உட்பட்டவர்களில் 94 சதவீதத்தினர் உயர்நிலைப் பள்ளியை முடிக்காதவர்கள் என்ற கணக்கு அவரை உலுக்கியது. பள்ளிக்கு வராத பிள்ளைகளின் பெற்றோருக்குத் தன் அலுவலக முத்திரையோடு கடிதம் அனுப்பினார். பெரும்பாலும் பேச்சும் உதவியுமாகவே முடிந்தது. மிகச் சிலர்மீதுதான் வழக்கு, சிறைக்கு யாரும் போகவில்லை. அதை அவர் மாநிலச் சட்டமாக்க முனைந்தார். 2011இல் நடைமுறைக்கு வந்த அந்தச் சட்டப்படி, பிள்ளை பத்தில் ஒரு நாள் காரணமின்றி வராவிட்டால் பெற்றோருக்கு ஓராண்டுவரை சிறை, 2,000 டாலர்வரை அபராதம். வேறு கவுண்டிகளின் டி.ஏ.க்கள் அதை எடுத்துப் பெற்றோரைக் கைது செய்தார்கள். அப்படி நடந்ததற்கு வருந்துவதாக 2019இல் அவரே சொல்ல நேர்ந்தது. ஒருவர் நிதானத்தோடு பிடித்த கத்தி கைமாறியபோது, நிதானம் அதன்கூடப் போகவில்லை.

மான்ஹாட்டனில் டி.ஏ.வாக இருந்த சைரஸ் வான்ஸ் எதையும் கற்றுக்கொடுக்காமலே ஒரு வேலை செய்தார். வன்முறை அதிகம் நடக்கும் வெள்ளி, சனிக்கிழமை இரவுகளில் பதினோரு வயதுக்கு மேற்பட்ட பிள்ளைகளுக்காக உடற்பயிற்சிக் கூடங்களைத் திறந்துவிட ஏற்பாடு செய்தார். நல்ல பயிற்சியாளர், பந்து, விளக்கு வெளிச்சம். அவ்வளவுதான். குற்றவாளிகளிடம் பறிமுதலான பணத்தில் நடந்தது. சொற்பொழிவே இல்லாத இந்தத் திட்டம்தான், இருபது வாரப் பாடத்திட்டத்தைவிட அந்தப் பேட்டைகளைப் புரிந்துகொண்டதாக எனக்குப் படுகிறது. ஆனாலும் பிள்ளைகளின் விளையாட்டுக்குக் காசு, மாநகராட்சியிடமிருந்து வராமல் குற்றம் சாட்டும் அலுவலகத்திடமிருந்து வருவதில் உறுத்தல் இருக்கவே செய்கிறது. 2021இல் நகர நிர்வாகம் அதை ஐந்து பகுதிகளுக்கும் விரித்தது சரியான திசையில்தான்.

புரூக்ளினுக்கே திரும்பலாம். 2014 ஜூலையில் தாம்சன், சிறிதளவு கஞ்சாவோடு பிடிபடுபவர்கள்மீது பெரும்பாலும் வழக்குப் போடப்போவதில்லை என்று அறிவித்தார். அப்படிப் பிடிபட்டவர்களில் பெரும்பாலோர் கறுப்பின, லத்தீன் இளைஞர்கள். அடுத்த ஆண்டு ஜூனில் அவர் அலுவலகம் கிளின்டன் ஹில்லில் உள்ள ஒரு தேவாலயத்துக்குப் போனது. பாடம் நடத்த அல்ல. பொது இடத்தில் பீர் குடித்தது, பூங்கா மூடிய பிறகு உள்ளே இருந்தது என்பவற்றுக்காகக் காவலர் கொடுத்த சீட்டுக்கு ஆஜராகாமல் விட்டவர்கள்மீது பிடியாணை ஆண்டுக்கணக்கில் கிடக்கும். அது கிடக்கும்வரை வேலைக்கு மனுப் போடவே பயம். தெருவில் காவலர் நிறுத்திப் பெயர் கேட்டால் நேரே லாக்கப். தேவாலயத்துக்கே நீதிபதியும் டி.ஏ. வழக்கறிஞரும் எதிர்த்தரப்பு வழக்கறிஞரும் வந்து உட்கார்ந்தார்கள். வெளியே வரிசை நீண்டது. ஒரு சிறு பையனாக இருந்தபோது வாங்கிய சீட்டைக் கையில் பிடித்துக்கொண்டு, இப்போது பிள்ளை குட்டியோடு நிற்பவர்களும் அந்த வரிசையில் உண்டு. சில நிமிடங்களில் பிடியாணை அழிந்தது. இரண்டு நாட்களில் நூற்றுக்கணக்கானோர் அப்படிச் சுத்தமான பெயரோடு வீடு திரும்பினார்கள்.

தாம்சன் 2016 அக்டோபரில் பதவியில் இருக்கும்போதே புற்றுநோயால் இறந்தார். அவருடைய இடத்துக்கு வந்த எரிக் கொன்சாலஸும் மான்ஹாட்டன், குவீன்ஸ், பிராங்ஸ் பகுதிகளின் டி.ஏ.க்களும் 2017 ஆகஸ்டில் ஒரே நேரத்தில் நீதிமன்றத்துக்குப் போய், பத்தாண்டுக்கு மேல் பழையதான இத்தகைய பிடியாணைகளைத் தள்ளுபடி செய்யக் கேட்டார்கள். யாரும் வரிசையில் நிற்க வேண்டியிருக்கவில்லை. ஏறத்தாழ 6,44,000 பிடியாணைகள் அழிந்தன. நகரத்தின் ஐந்தாவது பகுதியான ஸ்டேட்டன் தீவின் டி.ஏ. மட்டும் சேர மறுத்துவிட்டார். சட்டத்தை மதித்து நீதிமன்றத்தில் ஆஜரானவர்களுக்கு அது அநீதி என்றார் அவர். ரெட் ஹூக் கரையில் நின்றால் விரிகுடாவுக்கு அப்பால் அந்தத் தீவு தெரியும். பதினெட்டு வயதில் திண்ணையில் உட்கார்ந்து குடித்த ஒரு பீருக்கான சீட்டு, இந்தக் கரையில் குப்பைக்குப் போயிற்று. அந்தக் கரையில் அப்படியே இருந்தது.